லிஃப்ட் நிற்காத தளம்: குயின்ஸ்பிரிட்ஜும் நாஸும்

இன்னைக்கு ஒரு லிஃப்டில் இருந்து ஆரம்பிக்கலாம்.

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில், ஈஸ்ட் ரிவர் ஓரமாக, குயின்ஸ்பரோ பாலத்துக்குப் பக்கத்தில் 96 செங்கல் கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாமே ஆறு தளம். மொத்தம் 3,000-க்கும் மேல வீடுகள். நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா ஹவுசிங் போர்டு. ஆனா சைஸ் வேற. வட அமெரிக்காவிலேயே மிகப்பெரிய அரசுக் குடியிருப்பு இதுதான். 1939-இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. கட்டும்போது செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: லிஃப்ட் ஒண்ணு, மூணு, அஞ்சு, இந்தத் தளங்களில் மட்டும்தான் நிற்கும். அமெரிக்கக் கணக்கில் தரைத்தளம்தான் ஒண்ணு. இரண்டிலும் நாலிலும் ஆறிலும் இருப்பவர்கள் பக்கத்துத் தளத்தில் இறங்கி, படியில் நடந்து போகணும். கையில மளிகைப் பை இருந்தாலும் சரி, இடுப்புல குழந்தை இருந்தாலும் சரி.

எனக்கு இந்த லிஃப்ட் ரொம்பப் பிடிச்ச விவரம். கெட்ட எண்ணத்தோடு யாரும் அதைச் செய்யவில்லை. ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டணும்னு உண்மையாகவே நினைத்தவர்கள்தான் கட்டினார்கள். ஆனா ஏழைகளுக்குத்தானே, ஒரு மாடி நடக்கட்டுமேன்னும் அதே ஆளுங்க நினைச்சாங்க. அந்தக் கட்டடங்களின் மீதிக் கதை முழுக்க இப்படித்தான் போகும்.

இங்கே வளர்ந்த ஒரு பையன் 20 வயதில் போட்ட ஆல்பம்தான் இன்றைய விஷயம். நாஸ். முழுப் பெயர் நசீர் ஜோன்ஸ். ஆல்பம் 'இல்மேட்டிக்', 1994 ஏப்ரல் 19.

இதைப் பத்தி ரொம்ப முன்னாடி ஒரு எபிசோடுல போகிற போக்குல பேசியிருக்கேன். "கெட்டோல பொறந்த மேதை, பேனா ஒண்ணை வச்சே தப்பிச்சு வெளிய வந்தான்"னு சொன்னேன். இப்போ அதைத் திரும்பக் கேட்டா கூச்சமா இருக்கு. கேக்க அழகா இருக்கிற வாக்கியம், ஆனா தப்பு. எங்கே தப்புன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடு.

முதலில் ஒரு வருடத்தைப் பார்ப்போம். 1973.

அந்த வருடம் மே மாதம், நியூயார்க் கவர்னர் நெல்சன் ராக்ஃபெல்லர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். போதைப்பொருள் சம்பந்தப்பட்ட சில குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 15 வருடம், அதிகபட்சம் ஆயுள். நீதிபதியே நினைத்தாலும் குறைக்க முடியாது. ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், தங்கச்சி ஸ்கூலுக்குத் துணி வாங்கக் காசு சேர்க்கணும்னு ஒரு பார்ட்டி வைத்தாள். அண்ணன் கூல் ஹெர்க் பாட்டுப் போட்டான். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக இன்றைக்குக் கொண்டாடப்படுவது அந்தத் தேதியைத்தான். செப்டம்பர் 14-ஆம் தேதி புரூக்ளினில் நாஸ் பிறந்தார்.

அஞ்சு மாசத்துக்குள்ள மூணு விஷயம். தற்செயல்தான். நான் இதுல ஜாதகம் எல்லாம் பார்க்கலை. ஆனா அந்தச் சட்டமும் அந்தப் பார்ட்டியும் இல்லாம இந்த ஆல்பம் இல்லை. அதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சின்ன வயதிலேயே குடும்பம் குயின்ஸ்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஓலு தாரா, மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் ஊரிலிருந்து வந்த ஜாஸ் கலைஞர். கார்னெட் வாசிப்பார், ட்ரம்பெட்டின் தம்பி மாதிரியான கருவி. அம்மா ஆன் ஜோன்ஸ் தபால் துறையில் வேலை பார்த்தார். ஒரு தம்பி, ஜபாரி. எல்லாரும் ஜங்கிள்னு கூப்பிடுவாங்க. வீட்டில் அப்பாவின் புத்தகங்கள், இசைத்தட்டுகள், கருவிகள். அப்பா அடிக்கடி வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போய்விடுவார். பிறகு அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். வீட்டைத் தாங்கியது அம்மாவின் தபால் ஆபீஸ் சம்பளம்.

இப்போ குயின்ஸ்பிரிட்ஜுக்கு வருவோம். முதலில் குடிவந்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். தொழிலாளர் குடும்பங்கள். வீடு கிடைக்க வேலை இருக்கணும், குடும்பம் இருக்கணும், நிறையக் கேள்வி கேட்பார்கள். 1950-களில் நகர வீட்டுவசதி நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது: வருடத்துக்கு 3,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பங்களை நடுத்தர வருமானக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. அப்படி மாறிப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். இடத்தில் மிச்சமிருந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் கறுப்பினத்தவர்கள், லத்தீனோக்கள், கொஞ்சம் கூட வருமானம் குறைந்தவர்கள்.

ஒரு இடம் 'தானா' கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா இந்தப் பாராவைக் காட்டுங்க. சம்பாதிக்கிறவங்களை எல்லாம் வெளியே அனுப்பிட்டா, வாடகை வருமானம் குறையும், பராமரிப்பு குறையும், அந்தக் குடியிருப்புக்காக நகரசபையில் குரல் கொடுக்கிற ஆளும் குறையும். இதுக்குப் பேர் தலைவிதி இல்லை.

அடுத்து வேலை. பாலத்தைச் சுற்றி இருந்த லாங் ஐலண்ட் சிட்டி ஒரு காலத்தில் முழுக்கத் தொழிற்சாலைகள். பாலத்துக்கு அருகிலேயே சில்வர்கப் என்ற பெரிய ரொட்டித் தொழிற்சாலை இருந்தது. 1970-களில் நியூயார்க் லட்சக்கணக்கான வேலைகளை இழந்தது. 1975-இல் நகரமே திவாலாகும் நிலைக்குப் போனது. சில்வர்கப்பும் மூடப்பட்டது. 80-களில் அதே கட்டடம் சினிமா ஸ்டுடியோவானது. பழைய பெயர்ப்பலகை இன்றும் மேலே இருக்கிறது. அப்பாக்கள் ரொட்டி சுட்ட இடத்துல பின்னாடி சினிமாக்காரங்க ஷூட்டிங் பண்ணாங்க. ரொட்டித் தொழிற்சாலைல வேலை கிடைச்சிருக்கக்கூடிய பையனுக்கு ஸ்டுடியோல என்ன வேலை?

அந்த வெற்றிடத்தில்தான் 80-களின் நடுவில் கிராக் வந்தது. கொக்கெய்னைச் சமைத்துக் கட்டியாக்கி, சின்னச் சின்னக் குப்பியில் சில டாலருக்கு விற்கும் சரக்கு. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 5 கிராம் கிராக்குக்குக் குறைந்தபட்சம் 5 வருடம் சிறை. அதே 5 வருடம் தூள் கொக்கெய்னுக்கு வேண்டுமென்றால் 500 கிராம் வைத்திருக்கணும். ரெண்டும் ஒரே பொருள்தான். ஒண்ணு ஹவுசிங் போர்டு வாசல்ல விக்கிறது, இன்னொண்ணு ஆபீஸ் பார்ட்டியில ஓடுறது. நூறு மடங்கு வித்தியாசம். 2010-இல்தான் இதை மாற்றினார்கள். அப்பவும் சமமாக்கலை, 18 மடங்காகக் குறைச்சாங்க.

நாஸ் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார்.

சரி. இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டா, "ஆமா, கெட்டோல இருந்து தப்பிச்ச மேதை கதைதானே"ன்னு தோணும். இங்கேதான் நான் தப்பு பண்ணேன். ஏன்னா அதே குயின்ஸ்பிரிட்ஜ், அதே வருடங்களில், உலகத்தின் மிக நல்ல ராப் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. போர்டு மாட்டாத பள்ளிக்கூடம்.

அங்கே மார்லி மார்ல் என்று ஒரு தயாரிப்பாளர் இருந்தார். தன் அபார்ட்மென்ட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். 1984-இல் அந்த வீட்டுக்கு வந்த 14 வயதுப் பெண் ஒருத்தி, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு ஹிட் பாட்டுக்குப் பதிலடியாக 'ராக்சான்ஸ் ரிவெஞ்ச்' என்று பாடிவிட்டுப் போனாள். அவள்தான் ராக்சான் ஷான்டே. பாட்டு நகரம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அதுக்குப் பதில், பதிலுக்குப் பதில்னு ஒரு வருஷம் ஓடுச்சு. பழைய இசைத்தட்டில் இருந்து ஒரே ஒரு ட்ரம் அடியை வெட்டி எடுத்து, அதை வைத்துப் புதுத் தாளம் கட்டலாம் என்று காட்டியவர்களில் முதல்வர் மார்லி மார்ல். இன்றைக்கு லேப்டாப்பில் பீட் செய்யும் ஒவ்வொரு பையனும் அந்த வழியில்தான் நடக்கிறான்.

பிறகு எம்.சி. ஷான், குயின்ஸ்பிரிட்ஜைப் பற்றி 'தி பிரிட்ஜ்' என்ற பாட்டைப் போட்டார். எங்க ஏரியால எப்படி ஆரம்பிச்சதுன்னு பெருமையா ஒரு பாட்டு, அவ்வளவுதான். பிராங்ஸில் இருந்த கே.ஆர்.எஸ்-ஒன் அதை "ஹிப்-ஹாப்பே எங்க ஊர்லதான் ஆரம்பிச்சது" என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார். 1986-இல் 'சவுத் பிராங்ஸ்', 1987-இல் 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' என்று இரண்டு பாட்டுப் போட்டு அடித்தார். அடின்னா அடி, பாலம் முடிஞ்சுபோச்சுன்னு நகரம் முழுக்கப் பாடிச்சு. அப்போ நாஸுக்கு வயசு 13. சொந்தத் தெருவோட பேரை வச்சு ஊரே கிண்டல் பண்றதைக் கேட்டு வளர்ந்த பையன் அவன். ஏழு வருஷம் கழிச்சு அதே தெருவோட படத்தைத் தன் ஆல்பம் அட்டையில போட்டான். தன் சின்ன வயசு முகத்துக்குள்ளே தெரு தெரியிற மாதிரி.

அப்புறம் வில். வில்லி கிரஹாம், எல்லாருக்கும் 'இல் வில்'. மாடியில் குடியிருந்த நண்பன். டர்ன்டேபிள் அவனிடம்தான் இருந்தது. அவன் டி.ஜே., நாஸ் பாடுவார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பெரிய ஆளாவோம்னு பிளான். இந்த மாதிரி ஒரு பிளான் நமக்கெல்லாம் ஒரு வயசுல ஒருத்தரோட இருந்திருக்கும்.

1991-இல் முதல் கதவு திறந்தது. மெயின் சோர்ஸ் குழுவின் லார்ஜ் ப்ரொஃபசர், குயின்ஸ்காரர்தான், பெரிய கலைஞர்களுக்குப் பதிவு செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவில் அவர்கள் இல்லாத நேரத்தில் நாஸை உள்ளே விட்டு டெமோ எடுத்தார். பிறகு 'லைவ் அட் தி பார்பெக்யூ' பாட்டில் முதல் சரணத்தை நாஸிடம் கொடுத்தார். அந்த ஒரு சரணம் போதும், நகரத்துல பாதிப் பேர் "யாருடா இவன்"னு கேட்டாங்க. அடுத்த வருடம் எம்.சி. சர்ச் என்ற ராப்பர் அவரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு அழைத்துப் போனார்.

1992 மே மாதம், குயின்ஸ்பிரிட்ஜிலேயே நடந்த ஒரு தகராறில் வில் சுட்டுக் கொல்லப்பட்டான். அதே இரவில் தம்பி ஜங்கிளுக்கும் குண்டு பட்டது, பிழைத்துக்கொண்டான்.

தனக்கு முழிப்பு வந்தது அப்போதுதான் என்று நாஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம்ம முந்தைய எபிசோடின் 'தப்பித்த மேதை' வாக்கியத்தில் வில் இல்லை. அதுதான் அந்த வாக்கியத்தோட பெரிய பொய். டர்ன்டேபிள் வில்லோடது. பாட்டு ரெண்டு பேரோட கனவு. வெளியே வந்தது ஒருத்தர்.

இப்போ ஆல்பம். பத்து ட்ராக், 40 நிமிடம்கூட முழுசா இல்லை. அந்தக் காலத்தில் ஒரு ராப் ஆல்பம் என்றால் ஒரே தயாரிப்பாளர் அல்லது ஒரே குழு என்பதுதான் வழக்கம். இதில் டி.ஜே. பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் ப்ரொஃபசர், குயின்ஸ்பிரிட்ஜின் சொந்தப் பையன் எல்.ஈ.எஸ். என்று நியூயார்க்கின் மிக நல்ல காதுகள் எல்லாம் ஒரே 20 வயசுப் பையனுக்காக உட்கார்ந்தார்கள்.

அவங்க கையில என்ன இருந்ததுன்னு கொஞ்சம் சொல்லணும், எனக்கு இந்தப் பகுதி பிடிக்கும். அந்தக் காலத் தயாரிப்பாளர்கள் பலரின் மேசையில் எஸ்.பி-1200 என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் மொத்த ஞாபக சக்தி 10 வினாடி. ஒரு பாட்டுக்கு வேணும்கிற எல்லா ஒலியையும் 10 வினாடிக்குள்ள அடக்கணும். அதனால இசைத்தட்டை வேகமா ஓடவிட்டுப் பதிவு பண்ணுவாங்க. பெட்டிக்குள்ள போனதும் அதை மெதுவாக்குவாங்க. நேரம் மிச்சம். அப்படி மெதுவாக்கும்போது ஒலி கொஞ்சம் சொரசொரன்னு, தூசி படிஞ்ச மாதிரி ஆகும். 90-களின் நியூயார்க் ராப்னா நம்ம காதுல வர்ற அந்தத் தூசிச் சத்தத்துக்கு இந்தச் சிக்கனம் ஒரு முக்கியக் காரணம். திரும்பவும் லிஃப்ட் கதைதான், ஆனா இந்தத் தடவை சிக்கனம் அழகா வேலை செஞ்சது.

எடுத்த ஒலிகள் யாருடையவை? 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டின் பியானோ அகமது ஜமாலுடையது. 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டில் ஜோ சேம்பர்ஸின் பியானோ. 'ஒன் லவ்' பாட்டில் ஹீத் பிரதர்ஸ். எல்லாம் ஜாஸ். அதாவது அப்பாக்களின் தலைமுறை இசை. பையன்கள் அப்பாவோட இசைத்தட்டு அலமாரியைத் திறந்து, அதை வெட்டி, அதுமேல தங்கள் தெருவைப் பத்திப் பேசினாங்க. ஒரு பாட்டில் இது வெட்டி ஒட்டுவதோடு நிற்கவில்லை. 'லைஃப்ஸ் எ பிட்ச்' பாட்டின் கடைசியில் ஒரு கார்னெட் வரும். சோகமா, அவசரமே இல்லாம. அதை வாசித்தது ஓலு தாரா. வீட்டை விட்டுப் போன அப்பா, பையனோட முதல் ஆல்பத்துக்கு ஸ்டுடியோவுக்கு வந்து வாசிச்சுட்டுப் போனார். எனக்குத் தெரிஞ்சு இந்த ஆல்பத்துல மன்னிப்புன்னு ஒண்ணு இருந்தா அது அந்தச் சில வினாடிகள்தான். ரெண்டு பேருமே அதை வார்த்தைல சொல்லலை.

'ஒன் லவ்' பாட்டுக்கு வருகிறேன். இது முழுக்கக் கடிதம். சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு வெளியில் இருப்பவன் எழுதுவது. உன் குழந்தை எப்படி இருக்கு, யாரு உன்னைப் பாக்க வரலை, தெருவுல யாரு யாரைச் சுட்டாங்க. சாதாரண நலம் விசாரிப்பு. கடைசிப் பகுதியில் கடிதம் நின்றுவிடும். அவன் தெருவுக்கு வருவான், பெஞ்சில் 12 வயதுப் பையன் ஒருத்தன் சரக்கு விற்றுக்கொண்டு இருப்பான். இருவரும் பேசுவார்கள். பாட்டு முடிந்துவிடும். 1973 சட்டமும் 1986 சட்டமும் காகிதத்தில் என்ன எழுதியிருந்தன என்று நான் முன்னாடி சொன்னேன். அவை ஒரு தெருவில் என்ன செய்தன என்பது இந்தப் பாட்டில் இருக்கிறது. சட்டத்தின் பெயரை நாஸ் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எழுதுறவன் வெளியே, வாசிக்கிறவன் உள்ளே.

நாஸின் எழுத்தில் என்னை முதலில் பிடித்தது இதுதான். அப்போதைய ராப் பெரும்பாலும் 'நான் யார் தெரியுமா' என்று பேசும். இவர் ஜன்னல் ஓரமாக நின்று பார்ப்பவர் மாதிரி பேசுவார். யார் ஓடுறான், யார் கையில என்ன, எந்தக் கட்டடத்து வாசல். ஹீரோவும் இல்லை, நீதிபதியும் இல்லை. முதல் தடவை கேட்டப்போ எனக்கு இங்கிலீஷ் ராப் பாதிகூடப் புரியாது. ஆனா யாரோ ஒருத்தர் பதட்டப்படாம ஒரு பயங்கரத்தை விவரிக்கிறார்ங்கிறது மட்டும் புரிஞ்சது.

வெளியான பிறகு என்ன ஆச்சு? 'தி சோர்ஸ்' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பட்டமளிப்பு மாதிரி. ஆனா விற்பனை? பில்போர்டில் 12-ஆவது இடம், அதோடு சரி. வெளியாகும் முன்பே திருட்டு கேசட்டுகள் தெருவெங்கும் ஓடிவிட்டன. 5 லட்சம் பிரதி என்ற கோல்டு கணக்கைத் தொட 1996 ஆனது. 10 லட்சம் என்ற பிளாட்டினத்துக்கு 2001. எல்லாரும் கேட்டாங்க, காசு கொடுத்துக் கேட்டவங்க கம்மி.

இங்கேதான் புகழ் என்ற விஷயம் கதைக்குள் வருகிறது. 1996-இல் இரண்டாவது ஆல்பம் 'இட் வாஸ் ரிட்டன்'. பளபளப்பான இசை, லாரின் ஹில் பாடிய ஹிட். நேராக முதல் இடம். முதல் ஆல்பத்தைவிடப் பல மடங்கு விற்றது. உடனே பழைய ரசிகர்கள் "வித்துட்டான்" என்றார்கள். யோசிச்சுப் பாருங்க. ஹவுசிங் போர்டில் வளர்ந்த 22 வயசுப் பையன். அவன் ஏழ்மையை அழகா எழுதினப்போ நாம கேசட்டைக் காப்பி அடிச்சோம். அவன் நல்ல சட்டை போட்டப்போ கோவப்பட்டோம். "நாம"ன்னு சொல்றேன், ஏன்னா நானும் அந்தக் கட்சில இருந்தவன்தான். இப்போ கேட்டா, அந்த இரண்டாவது ஆல்பம் நல்ல ஆல்பம். அதுக்கப்புறம் 90-கள் முடியும்போது வந்த சிலதை நான் காப்பாத்த மாட்டேன், அது வேற.

2001-இல் ஜே-ஸீயுடன் நடந்த சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'டேக்ஓவர்' பாட்டில் ஜே-ஸீ சொன்ன குற்றச்சாட்டின் சாரம், பத்து வருஷத்துல ஒரே ஒரு நல்ல ஆல்பம்தானே போட்டிருக்கே என்பது. டிசம்பரில் 'ஈதர்' என்று பதில் வந்தது. யார் ஜெயிச்சாங்கன்னு பேச ஆரம்பிச்சா இந்த எபிசோடு முடியாது, விட்டுடுவோம். 2002-இல் அம்மா ஆன் ஜோன்ஸ் புற்றுநோயால் இறந்தார். 2004-இல் அப்பாவும் மகனும் சேர்ந்து 'பிரிட்ஜிங் தி கேப்' என்று ஒரு பாட்டுப் போட்டார்கள். புளூஸில் ஆரம்பித்து ராப் வரை குடும்பக் கதை. 2005-இல் ஜே-ஸீயின் மேடையிலேயே நாஸ் ஏறினார், சண்டை முடிந்தது.

பிறகு மரியாதைகள் வந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவரின் பெயரில் 2013-இல் ஹார்வர்டில் ஒரு ஆய்வு நல்கை. 2014-இல் வாஷிங்டன் கென்னடி சென்டரில் நேஷனல் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் மொத்த ஆல்பம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியலில் அதைச் சேர்த்தது. முதல் கிராமி மட்டும் 2021 வரை வரவில்லை. அதற்கு முன் 13 தடவை நாமினேஷன், 13 தடவையும் வெறுங்கை. இன்னொரு பக்கம் முதலீட்டாளர். காயின்பேஸ், ரிங் மாதிரி கம்பெனிகளில் ஆரம்பத்திலேயே பணம் போட்ட அவருடைய முதலீட்டு நிறுவனத்தின் பெயர், குயின்ஸ்பிரிட்ஜ் வென்ச்சர் பார்ட்னர்ஸ். ஊர் பெயரை லெட்டர்பேட்ல போடுறது பாசமா, பிராண்டிங்கான்னு எனக்குத் தெளிவா சொல்லத் தெரியலை. ரெண்டும் இருக்கலாம். 'கல்லி பாய்' படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் நாஸ்தான். 2019-இல் அவர் பங்குதாரராக இருக்கும் மாஸ் அப்பீல், மும்பையின் டிவைனை வைத்து இந்தியக் கிளையும் தொடங்கியது.

ஆனா இந்த எபிசோடை எழுத வைத்தது இது எதுவும் இல்லை. 'டைம் இஸ் இல்மேட்டிக்' என்று 2014-இல் ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் ஒரு காட்சி. ஆல்பத்துக்காக 1994 வாக்கில் எடுத்த ஒரு போட்டோ. குயின்ஸ்பிரிட்ஜில் நாஸைச் சுற்றி நண்பர்கள், பையன்கள், கூட்டமாக. தம்பி ஜங்கிள் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போவார். இவன் உள்ளே இருக்கான். இவனுக்கு இத்தனை வருஷம். இவன் இப்பதான் வெளிய வந்தான். கண்ணைத் துடைக்கலை, குரலை உயர்த்தலை. ரேஷன் கார்டுல பேர் சரிபார்க்கிற மாதிரி சொல்லிட்டுப் போறார்.

நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு அந்தப் போட்டோ பல வருஷமா தெரியும். எப்பவும் நடுவுல இருக்கிறவரை மட்டும்தான் பார்த்திருக்கேன்.

'ஒன் லவ்' பாட்டில் வரும் கடிதங்களைக் கற்பனைன்னு நினைச்சுக் கேட்டவன் நான். முகவரி இருந்த கடிதங்கள். அந்தப் பையன்களும் அதே லிஃப்டில்தான் போனார்கள், அதே மார்லி மார்ல் பாட்டைத்தான் கேட்டார்கள். அவர்களிலும் நல்லாப் பாடத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். 1989 அக்டோபரில் குயின்ஸ்பிரிட்ஜ் வாசலிலேயே சப்வே ஸ்டேஷன் திறந்தது. ஆற்றுக்கு அடியில் தோண்டிய அந்தப் பாதைக்கு மேலே போக வழி இல்லை. 2001 வரைக்கும் குயின்ஸ்பிரிட்ஜ்தான் கடைசி ஸ்டேஷன். பத்திரிகைகள் அதை "எங்கேயும் போகாத சுரங்கம்" என்று கிண்டல் செய்தன. அங்கே குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீட்டுக்குப் போகும் ரயில் அது.

இதுவரை 'இல்மேட்டிக்' கேட்காதவர்கள் இன்றைக்கு ராத்திரி கேளுங்க. வார்த்தைகள் கெட்டதா இருக்கும், அதனால ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க. ஷஃபிள் வேண்டாம், முதல் ட்ராக்கில் இருந்து வரிசையாக. முதல்ல பாட்டு வராது. தலைக்கு மேல ஒரு ரயில் போகும்.